பச்சோந்திக் குஞ்சுக்கு எத்தனை அடிக் கூண்டு?

"தோத்திரம் சாமி! ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே, காட்டூரைச் சேர்ந்த பாட்டியம்மா ஒருவர் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்த கையோடு பங்குமனை வாசலில் வந்து நின்றார். கலியாண ஓலை பற்றிய விசாரணையாக இருக்கும், அல்லது சொத்துத் தகராறாக இருக்கும் என்று எண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டேன். பாட்டியம்மா உட்கார்ந்து மூச்சு வாங்கிய பின், "பச்சோந்திக் குஞ்சுக்கு எத்தனை அடியில் கூண்டு செய்யவேண்டும்?" என்றார்.

முப்பது ஆண்டுக் குருத்துவ வாழ்வில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறேன். இது புதிது.

விவரம் இதுதான். பாட்டியம்மாவின் மகள் குடும்பம் கனடாவில் இருக்கிறது. மகள் வயிற்றுப் பேரன் தன் பிறந்தநாளுக்குக் கடையில் ஒரு பச்சோந்திக் குஞ்சை வாங்கியிருக்கிறான். அந்நாட்டில் பண்ணைகளிலேயே முட்டையிட்டுப் பொரித்த பச்சோந்திகளைக் கடைகளில் விலைக்கு விற்கிறார்கள். கைபேசித் திரையில் அதைக் கண்ட மகன் வயிற்றுப் பேரன், அதாவது காட்டூரில் பாட்டியோடு இருக்கும் ஏழாம் வகுப்புச் சிறுவன், "அத்தை மகன் வைத்திருக்கும்போது நான் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று, உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கத்து வேலியிலிருந்து ஒன்றைப் பிடித்து வந்து செருப்புப் பெட்டியில் அடைத்துவிட்டான். இரண்டு பேரன்களும் ஒரே கேள்வியைப் பாட்டியிடம் கேட்டிருக்கிறார்கள். பாட்டி என்னிடம் கேட்டார்.

ஒரே கேள்விதான், ஆனால் விடை ஒன்றன்று. கனடாப் பேரனுக்கு அடிக்கணக்கில் விடை சொல்ல இயலும். காட்டூர்ப் பேரனுக்குச் சொல்லவேண்டிய விடையில் அடிக்கணக்கே கிடையாது. இரண்டையும் நம் வாசகக் குடும்பங்களுக்கும் சொல்லுவது பயன்தரும் என்று தோன்றியது. வெளிநாடுகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. வேலியோரத்தில் எதையாவது பிடித்துவரும் பிள்ளைகள் இல்லாத குடும்பமோ அநேகமாக இல்லை.

அன்று மாலையே வீட்டுக்குச் சென்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். முதலில் எனக்கு ஓர் ஐயம் இருந்தது. நம்மவர் பலர் தோட்டத்து ஓணானையே பச்சோந்தி என்பர். ஓணானின் ஆணுக்கும் தலையும் கழுத்தும் சிவந்து மாறுவதுண்டு. ஆனால் ஓணான் ஓடும். வேலிக்கம்பின்மேல் நின்று தலையை ஆட்டும். அதன் விரல்கள் தனித்தனியாக நீண்டிருக்கும். பச்சோந்தியோ ஓடத் தெரியாத பிராணி. அதன் ஐந்து விரல்களும் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கி போல் கிளையைக் கவ்விக்கொள்ளும். வால் கடிகாரச் சுருள்போல் சுருண்டிருக்கும். உடல் பக்கவாட்டில் தட்டையாக இலைபோல் இருக்கும். கண்கள் கூம்பு வடிவில் வெளியே நீண்டு, ஒன்று முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் தனித்தனியே சுழலும். ஓரடி வைக்குமுன் காற்றில் ஆடும் இலையைப்போல் முன்னும் பின்னும் ஆடிக்கொள்ளும்.

பெட்டிக்குள் இருந்தது ஐயமின்றிப் பச்சோந்திதான். வாலையும் சேர்த்து ஒரு சாண் இருக்கும். ஆனால் அது பச்சையாக இல்லை. கருத்துப்போய் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண் கூம்புகள் உள்ளே குழிந்திருந்தன. பெட்டியில் ஒரு கிண்ணம் தண்ணீரும், பிஸ்கோத்துத் துண்டும், நான்கு சோற்றுப் பருக்கைகளும் இருந்தன. மூன்று நாட்களாக எதையும் அது தொடவில்லை என்று சிறுவன் அழாக்குறையாகச் சொன்னான்.

காற்றை உண்டு வாழும் பிராணியா?

கிரேக்க மொழியில் இதற்கிட்ட பெயருக்குத் 'தரைச் சிங்கம்' என்று பொருள். அதுவே ஐரோப்பிய மொழிகளில் கமீலியன் ஆயிற்று. பழைய உரோமை ஆசிரியர் பிளினி, இப்பிராணி உணவும் நீருமின்றிக் காற்றை மட்டுமே உண்டு வாழ்கிறது என்று எழுதிவைத்தார். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியனும் தமது சிறுநூல் ஒன்றில் இதை வருணிக்கையில் அதையே சொல்லுகிறார். குருமடத்தில் இலத்தீன் படித்த நாட்களில் இதை வாசித்துச் சிரித்ததுண்டு. இப்பொழுது கடைகளில் விற்கும் சில கூண்டுகளையும், நம் சிறுவர்களின் செருப்புப் பெட்டிகளையும் பார்த்தால், அந்தப் பழைய நம்பிக்கை இன்னும் சாகவில்லை என்றே தோன்றுகிறது.

உண்மையில் பச்சோந்தி உயிருள்ள பூச்சிகளையே பெரும்பாலும் உண்ணும். தன் உடல் நீளத்தையும் விஞ்சி நீளும் நாக்கைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எறிந்து, அதன் நுனியில் பூச்சியை ஒட்டவைத்து இழுத்துக்கொள்ளும். அசையாத பிஸ்கோத்தை அது உணவென்றே அறியாது. கிண்ணத்தில் அசையாது நிற்கும் நீரும் அதற்கு நீரன்று. இலைமேல் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையுமே நக்கிக் குடிக்கும். ஒரு கிண்ணம் நீர் அருகில் இருக்கையிலேயே அது தாகத்தால் சாகக்கூடும். கண் குழிந்தது அதன் அடையாளமே.

நிறம் மாறுவதைப் பற்றியும் ஒரு சொல். எதன்மேல் உட்கார்கிறதோ அதன் நிறத்தை எடுத்துக்கொள்ளும் என்பது நம்மிடையே வழங்கும் எண்ணம். மேடைகளில் கட்சி மாறுவோரை ஏசுவதற்கும் அது வசதியாக இருக்கிறது. ஆனால் வெப்பம், வெளிச்சம், அச்சம், சினம், இனத்தாரோடு பேசும் பேச்சு ஆகியவையே நிறமாற்றத்தின் முதன்மையான காரணங்கள். ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் தீவின் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, அதன் தோலுக்கடியில் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை நெருங்கியிருக்கும்போது பச்சையும் நீலமும் ஒளிர்கின்றன. விலகும்போது மஞ்சளும் சிவப்பும் தோன்றுகின்றன. ஆகவே நிறம் என்பது அதன் உடல்நிலையையும் மனநிலையையும் காட்டும் ஒரு பலகை. பெட்டி மூலையில் கருத்துக் கிடந்த அந்தக் குஞ்சு தன் துன்பத்தை வாய்திறவாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

கூண்டின் கணக்கு

முதலில் கனடாப் பேரனின் வழக்கை எடுத்துக்கொள்வோம். அவனிடம் இருப்பது ஏமன் நாட்டிலும் சவுதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியிலும் இயற்கையாக வாழும் இனம். தலைமேல் முக்காடிட்டாற்போல் உயர்ந்த கொண்டை இருப்பதால் ஆங்கிலத்தில் 'வெய்ல்டு கமீலியன்' என்பார்கள். உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படும் பச்சோந்திகளுள் இதுவே மிகுதி. பொரித்த அன்று நான்கு விரற்கடை நீளம்தான் இருக்கும். ஆனால் வளர்ச்சி மிக விரைவு. ஆறாம் மாதத்திற்குள்ளேயே இனம் பெருக்கும் பருவத்தை எட்டிவிடும். முழு வளர்ச்சியடைந்த ஆண் வாலோடு ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை இருக்கும். பெண் ஓரடியை ஒட்டி நிற்கும்.

கடைக்காரர் அவனுக்குக் கொடுத்தது ஓரடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கண்ணாடிப் பெட்டி. "இப்போது குஞ்சுதானே, பிறகு பெரிதாக வாங்கிக்கொள்ளலாம்" என்றாராம். இந்தப் 'பிறகு' என்னும் சொல்லைப்பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பெற்றோருக்கு வேலை, பையனுக்குத் தேர்வு, நடுவே பனிக்காலம். 'பிறகு' வருவதற்குள் பச்சோந்தி பெட்டியில் திரும்பக்கூட இயலாத அளவுக்கு வளர்ந்துவிடும்.

பெரியதான ஆணுக்கு இன்று வளர்ப்போர் பொதுவாக ஒப்புக்கொள்ளும் குறைந்த அளவு இரண்டடி நீளம், இரண்டடி அகலம், நான்கடி உயரம். பெண்ணுக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, மூன்றடி உயரம் போதுமென்பர். கடைக்காரரின் பெட்டியின் கொள்ளளவைப் பெருக்கிப் பாருங்கள்: ஒன்றரைக் கன அடி. ஆணுக்கு வேண்டியதோ பதினாறு கன அடி! பத்து மடங்குக்கும் மேல். பார்வைக்கு "கொஞ்சம் சிறிது" என்று தோன்றுவது கணக்கில் எவ்வளவு பெரிய குறைவாகிறது என்பதைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும்.

இந்த அளவில் உயரத்தையே முதலில் கவனிக்கவேண்டும். முயலுக்குத் தரை வேண்டும். பச்சோந்திக்கு ஏற்றம் வேண்டும். அது கிளைகளில் வாழும் பிராணி. ஆபத்தென்று கருதினால் மேலே ஏறும். மேலே ஏற இடமில்லாவிட்டால் அதன் அச்சம் தணிவதேயில்லை. கூண்டைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைத்து, அது உட்காரும் உச்சிக் கிளை நம் கண்மட்டத்திற்கு மேலே இருக்கும்படி செய்தால், நம்மை அது கீழ்நோக்கிப் பார்க்கும்; அமைதியடையும். மேலிருந்து நாம் குனிந்து பார்த்தால், நம்மைப் பருந்தென்றே எண்ணும்.

உயரத்திற்கு இன்னொரு காரணம் வெப்பம். ஊர்வன தம் உடற்சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்ள மாட்டா. வெயிலில் போய்ச் சூடேறும்; நிழலுக்கு வந்து ஆறும். இந்தப் போக்குவரத்தே அவற்றின் உயிர்மூச்சு. கூண்டின் உச்சியில் விளக்குக்குக் கீழே இளங்குஞ்சுக்கு 29 பாகை செல்சியஸ் அளவு வெப்பமும், அடியில் அறையின் குளிர்ச்சியும் இருக்கவேண்டும். நான்கடி உயரத்தில் இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்கும். ஒன்றரை அடிப் பெட்டியில் விளக்கு எரிந்தால் முழுப் பெட்டியும் அடுப்பாகிறது. அணைத்தால் முழுப் பெட்டியும் குளிர்ந்துபோகிறது. நம் திருச்சி வெயிலில் வேலிப் பச்சோந்தி என்ன செய்கிறது? காலை வெயிலில் தட்டை உடம்பை அகல விரித்துக் காய்கிறது; உச்சிப்பொழுதில் தழைக்குள்ளே போய்விடுகிறது. அதற்கு விளக்கை யாரும் அணைக்க வேண்டியதில்லை.

புற ஊதாக் கதிர் தரும் விளக்கும் வேண்டும். அது இல்லையேல் எலும்பு சுண்ணாம்பை ஏற்காது. கால்கள் வளைந்து, தாடை இளகிப்போகும். குஞ்சுப் பருவத்தில் இந்நோய் விரைந்து வரும். உச்சிக் கிளைக்கும் விளக்குக்கும் இடையே சுமார் ஒரு சாண் தூரம் விடுவது வழக்கம். விளக்கைக் கூண்டுக்கு வெளியே மேற்புறம் வைப்பதே நலம். உள்ளே வைத்தால் பச்சோந்தி அதன்மேலேயே ஏறி முதுகைச் சுட்டுக்கொள்ளும். சுடுகிறதென்று நகரும் அறிவும் அதற்குப் போதாது.

சுவர் எதனால் ஆனது என்பதும் அளவோடு சேர்ந்த கேள்வியே. நாற்புறமும் கண்ணாடியாயின் காற்று தேங்கும். ஈரமும் தேக்கமும் சேர்ந்தால் மூச்சுக்கோளாறு. அன்றியும் கண்ணாடியில் தன் உருவத்தையே கண்டு, மற்றொரு பச்சோந்தி வந்துவிட்டதென்று நாள்முழுதும் கறுவிக்கொண்டிருக்கும். நாற்புறமும் மென்மையான கம்பிவலையிட்ட கூண்டு சிறந்தது. ஆயினும் கனடாவின் பனிக்காலத்தில் முழு வலைக்கூண்டு வெப்பத்தையும் ஈரத்தையும் வைத்துக்கொள்ளாது. அங்கே இரண்டு மூன்று பக்கங்களை அட்டைப்பலகையால் மறைத்து, முன்புறமும் மேற்புறமும் வலையிடுவோர் உண்டு. ஊருக்கேற்ற மாற்றம் தவறன்று.

இப்பொழுது பாட்டியின் கேள்விக்கே வருவோம். பெரியதற்குப் பதினாறு கன அடி சரி, குஞ்சுக்கு எவ்வளவு?

இதில் வளர்ப்போரிடையே இரண்டு கட்சிகள். குஞ்சைப் பெரிய கூண்டில் விட்டால் பூச்சி ஒரு மூலையிலும் குஞ்சு ஒரு மூலையிலுமாகப் பட்டினி கிடக்கும், அது தின்றதா, கழித்ததா என்று நமக்கும் தெரியாது. ஆகவே முதல் மூன்று நான்கு மாதம் ஒன்றேகால் அடிச் சதுரமும் இரண்டடி உயரமும் உள்ள கூண்டில் வைத்து, பிறகு மாற்றவேண்டும் என்பது ஒரு கட்சி. காட்டில் அதற்கு எல்லையே இல்லையே, அங்கே பட்டினியா கிடக்கிறது? முதல் நாளிலிருந்தே பெரிய கூண்டில் விட்டால் இடமாற்றத்தின் அதிர்ச்சியும் மிஞ்சும், செலவும் மிஞ்சும் என்பது மற்றொரு கட்சி.

இரண்டிலும் உண்மை உண்டு. பொரித்துச் சில வாரங்களே ஆன குஞ்சு என்றால் முதல் கட்சி சொல்வது சரி. கடையில் வாங்குவது பெரும்பாலும் மூன்று மாதம் ஆனதாக இருக்கும். அதற்கு நான் இரண்டாம் கட்சியின் பக்கமே. பெரிய கூண்டு குஞ்சுக்குப் பெரிதன்று. வெறுமையான கூண்டுதான் பெரிது. விரல் பருமனிலும் பென்சில் பருமனிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகளைக் கட்டி, செம்பருத்தித் தொட்டியும் மணி பிளாண்ட் கொடியும் வைத்துத் தழை நிரப்பினால், அதற்கு ஒளியவும் இடமிருக்கும், ஏறவும் வழியிருக்கும். பூச்சிகளைக் கூண்டெங்கும் ஓடவிடாமல், வழுக்கும் சுவருள்ள ஒரு கோப்பையில் இட்டு, அதை உச்சிக் கிளையருகே நாள்தோறும் ஒரே இடத்தில் கட்டிவைத்தால் குஞ்சு இரண்டே நாளில் அவ்விடத்தைக் கண்டுகொள்ளும். எல்லாவற்றிற்கும் மேலாக, 'பிறகு' என்னும் அந்தச் சொல்லுக்கு வேலையில்லாமற் போகும்.

ஒரு கூண்டில் ஒன்றே. துணைக்கு இன்னொன்று வேண்டாமா என்று இளகிய மனத்தோடு கேட்பார்கள். பச்சோந்தி தனிமை விரும்பி. உடன்பிறந்த குஞ்சுகளையே சேர்த்து வைத்தாலும், வலியது வெளிச்சத்தையும் உணவையும் பிடித்துக்கொள்ள, மெலிந்தது மூலையில் வாடும். பெண்ணாயின் இன்னொரு செய்தி: ஆணின் சேர்க்கை இன்றியே கருவுறாத முட்டைகளை இடும். முட்டையிட ஓரடி ஆழத்திற்கு ஈரமணல் நிறைந்த தொட்டி வைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிரைக் குடித்துவிடும். கூண்டின் அளவைக் கணக்கிடும்போது இத்தொட்டிக்கும் இடம் ஒதுக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் பாட்டியம்மாவின் மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். "அவ்வளவு பெரிய கூண்டு வைக்க எங்கள் அடுக்ககத்தில் எங்கே இடம், ஃபாதர்?" என்றார். "இடமில்லையென்றால் அந்தப் பிராணிக்கும் உங்கள் வீட்டில் இடமில்லை என்றுதானே பொருள்?" என்று கேட்டுவிட்டேன். சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று பிறகு வருந்தினேன். ஆனால் பொருளை மாற்றிச் சொல்ல என்னிடம் வேறு வழியில்லை. ஆண் பச்சோந்தி நன்கு பேணப்பட்டால் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழும். அந்தப் பையன் கல்லூரிக்குப் போகும் காலத்திலும் அது கூண்டில் இருக்கும்.

காட்டூர் வேலி

இனிச் செருப்புப் பெட்டிக்குத் திரும்புவோம். இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி இனம் ஒன்றே ஒன்றுதான். தென்னிந்தியாவின் புதர்க்காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் அது வாழ்கிறது. மண்ணில் குழிதோண்டிப் பத்து முதல் முப்பது முட்டை வரை இடும். அதற்கு நஞ்சு கிடையாது. கடித்தாலும் ஊறு பெரிதில்லை. கண்ணில் பட்டால் தீங்கு வருமென்று கல்லெறிவோர் சில ஊர்களில் இன்றும் உண்டு. எறிவோருக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை; பூச்சி தின்னும் ஒரு தோழனை வயல் இழக்கிறது, அவ்வளவே.

இவ்வினத்தை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. கொல்லுதல் மட்டுமன்று, பிடித்தலும் அச்சட்டத்தில் 'வேட்டை' என்னும் சொல்லுக்குள் அடங்கும். விலைக்கு வாங்கினேன், வேலியில் கிடைத்தது, பிள்ளை ஆசைப்பட்டான் என்பவை விடையாகா. சிறையும் அபராதமும் உண்டு. நம் வீடுகளில் பலர் கூச்சமின்றிக் கூண்டில் வைத்திருக்கும் பச்சைக்கிளிக்கும், அதிர்ஷ்டம் என்று தொட்டியில் போட்டிருக்கும் நட்சத்திர ஆமைக்கும் இதே சட்டம்தான். சொன்னால் முகம் சுளிப்பார்கள், இருந்தாலும் சொல்லவேண்டியிருக்கிறது.

"வெளிநாட்டு இனமாயின் வைத்துக்கொள்ளலாமா?" என்று சிறுவனின் தந்தை கேட்டார். வெளிநாட்டுப் பச்சோந்தி இனங்கள் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பவை. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த சட்டமும், 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளும் அவற்றை வைத்திருப்போர் வனத்துறையின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும் என்கின்றன. முறையான தாளில்லாமல் வருபவை எப்படி வருகின்றன என்பதற்குத் தொலைவில் போய்ச் சான்று தேடவேண்டாம். காட்டூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க நம் திருச்சி விமான நிலையத்திலேயே, 2023 ஜூலையில், கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் சக்கரப் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்தபோது, துளையிட்ட சிறு பெட்டிகளுக்குள் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் உயிரோடு இருந்தன. ஒரு பயணப் பெட்டியில் நாற்பத்தொன்பது உயிர்கள்! கூண்டின் சரியான அளவு எது என்று நாம் இங்கே சாணும் அடியுமாக அளந்துகொண்டிருக்கிறோம். யாரேனும் வாங்குவதால்தானே அந்தப் பெட்டி விமானமேறியது?

சிறுவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவன் கொடுமை செய்யவில்லை, ஆசைப்பட்டான். பிஸ்கோத்தையும் தன் பங்குச் சோற்றையும் அல்லவா கொடுத்திருந்தான்? "முதலில் அதற்குத் தண்ணீர் கொடுப்போம், தம்பி" என்றேன். பாட்டி துணிக்குத் தெளிக்கும் தெளிப்பானைக் கொண்டுவந்தார். முற்றத்துச் செம்பருத்திக் கிளையில் குஞ்சை ஏற்றிவைத்து, மேலேயுள்ள இலைகளில் பனிபோல் நீர் தெளித்தோம். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு ஒரு துளி இலைநுனியிலிருந்து அதன் மூக்கில் விழுந்தது. ஒரு கண் மேலே சுழன்றது, வாய் திறந்தது, நாக்கு இலையைத் தொட்டது. கால்மணி நேரம் விடாமல் குடித்தது. சிறுவன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

தந்தை வனத்துறை அலுவலகத்திற்குத் தொலைபேசியில் தெரிவித்தார். காயமில்லை, பிடித்த இடமும் தெரியும் என்று சொல்லவே, அதே இடத்தில் விட்டுவிடும்படி சொன்னார்கள். அதே இடம் என்பது முக்கியம். தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விடுவது நன்மை என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் அதற்குத் தெரிந்த கிளைகளும், நிழலும், பூச்சி கிடைக்கும் இடங்களும் இங்கேதான் இருக்கின்றன. காயம்பட்டதோ, எங்கே பிடித்தது என்று தெரியாததோ ஆயின் நாமாக எதுவும் செய்யாமல் வனத்துறையிடமே ஒப்படைக்கவேண்டும்.

தஞ்சைச் சாலையின் இருமருங்கும் காட்டூர் இன்று வீடுகளால் நிறைந்துவிட்டது. நான் முதன்முதல் இப்பக்கம் வந்த காலத்தில் கிளுவை வேலியும் கருவேலும் கொவ்வைக்கொடியுமாக இருந்த மனைகளில் இப்பொழுது சுற்றுச்சுவர்கள். சுவரில் பச்சோந்தி ஏறாது. ஏறினாலும் அங்கே தின்ன ஒன்றுமில்லை. ஊரில் எஞ்சியிருப்பவை வாய்க்காலோரத்து வேலிகள் சில. மனை வாங்கி வேலியை வெட்டுமுன், ஒரு பக்கமாவது உயிர்வேலியாக நிற்கட்டும் என்று நினைக்கும் குடும்பம் நம்மில் இரண்டு மூன்று இருந்தாலும் போதும். குஞ்சுகளுக்குக் கூண்டு தேடும் வேலை நமக்கு வராது.

திங்கட்கிழமை காலை வெயில் ஏறிய பிறகு, நாங்கள் நால்வரும் அந்த வேலிக்குப் போனோம். சிறுவன் ஒரு காய்ந்த குச்சியில் குஞ்சை ஏற்றி, குச்சியைக் கொவ்வைக் கொடியோடு சேர்த்துப் பிடித்தான். அது உடனே போகவில்லை. ஒரு காலை நீட்டி, ஆடி, மறுபடி இழுத்துக்கொண்டது. பிறகு கொடியைக் கவ்வி, வாலைக் குச்சியிலிருந்து கடைசியாக விடுவித்து, உள்ளே நகர்ந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கருமை நீங்கிப் பச்சை படர்ந்தது. அதன்பின் எது இலை, எது குஞ்சு என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டியம்மாவுக்கு மட்டும் தெரிந்ததாம்.

"இனி எப்படிப் பார்ப்பது, ஃபாதர்?" என்று சிறுவன் கேட்டான். அதற்கும் வழி உண்டு. இரவில் பச்சோந்தி கிளையின் நுனிக்கு வந்து உறங்கும்; உறங்கும்போது அதன் நிறம் வெளிறிவிடும். டார்ச் விளக்கை வேலியில் ஓட்டினால், இருண்ட தழையிடையே வெள்ளைத் துணித்துண்டுபோல் தெரியும். தொடவேண்டியதில்லை; விளக்கை நெடுநேரம் காட்டவும் வேண்டாம்.

அவ்வாரத்திலேயே தந்தையும் மகனும் டார்ச் விளக்கோடு போய்த் தேடி மூன்றாம் இரவில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்றன்று, இரண்டு, சற்றுத் தள்ளி இன்னொன்றும் உறங்கியதாம். கனடாவிலிருந்து செய்தி வந்தது: அத்தை வீட்டில் உணவுமேசையை வேறு பக்கம் நகர்த்தி, இரண்டடிக்கு இரண்டடி, நான்கடி உயரத்தில் வலைக்கூண்டு வைத்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியைக் கடையில் திரும்பப் பெறவில்லை. அதில் இப்பொழுது ரோஜாப் பதியன் வளர்கிறதாம். தன் கூண்டின் அளவை எழுதி, "உன்னுடையது எவ்வளவு?" என்று அங்கிருப்பவன் கேட்டிருக்கிறான். காட்டூர்ப் பேரன் மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டான். வேலியின் நீளம் நூற்றுப் பன்னிரண்டு அடி, உயரம் ஏழடி என்று எழுதி அனுப்பினான். அகலத்தை அளக்க முள் விடவில்லையாம்.